மூன்றாம் மெஷின்

என் சித்தி மகளை வகுப்பில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நாலுமணி என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். சாயங்காலம் நாலு மணி ஆனால் போதும், எழுதிக்கொண்டிருக்கும் வரி பாதியில் நின்றாலும் சரி, மறுநாள் பரீட்சையாக இருந்தாலும் சரி, லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்து போய்விடுவாள். ஐந்தேகால் வரைக்கும் ஆள் கிடைக்க மாட்டாள். அவர்கள் குடியிருக்கும் கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு பழைய டேபிள் டென்னிஸ் மேசை கிடந்தது. யாராவது கிடைத்தால் அவர்களோடு ஆடுவாள். இல்லாவிட்டால் மேசையின் ஒரு பாதியைச் சுவர்போல நிமிர்த்தி வைத்து, டொக்கு டொக்கென்று தன்னந்தனியாகப் பந்தை அடித்துக்கொண்டிருப்பாள்.

நான் அவளைவிட நாலு மாதம் மூத்தவள். அவளுக்குப் பெரியம்மா மகள், முறைக்கு அக்கா. அந்த நாலு மாதத்தை நான் ஒரு நாளும் மறந்ததில்லை, அவளையும் மறக்க விட்டதில்லை. அவளோ கிண்டல் பண்ணும்போதும், எதையாவது மறைக்கும்போதும் மட்டும்தான் அக்கா என்பாள். மற்ற நேரமெல்லாம் வாடி போடிதான்.

ஒரே கல்லூரி, ஒரே வகுப்பு, கம்ப்யூட்டர் சயன்ஸ் கடைசி வருடம். ப்ராஜெக்டுக்கு இரண்டிரண்டு பேராகச் சேரச் சொன்னபோது, எங்கள் இரண்டு அம்மாக்களும் போனிலேயே பேசி முடித்துவிட்டார்கள். எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். ஒழுங்காக உட்கார்ந்து வேலை செய்கிறவளுக்கும் நாலு மணிக்கு எழுந்து ஓடுகிறவளுக்கும் எப்படி ஒத்துப்போகும்?

ஆப் செய்யலாம் என்ற யோசனை சித்தியின் புலம்பலிலிருந்து வந்தது. அந்தக் கட்டிடத்தில் ஏழு மாடி, மாடிக்கு ஆறு வீடு, மொத்தம் நாற்பத்திரண்டு. எல்லோருக்கும் சேர்த்துக் கீழ்த்தளத்தில் இரண்டே இரண்டு வாஷிங் மெஷின். சித்தி ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறாள். வீட்டுக்கு வந்ததும் துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு நாலு மாடி இறங்கிப் போவாள். இரண்டு மெஷினும் ஓடிக்கொண்டிருக்கும். திரும்பவும் மூட்டையோடு மேலே வருவாள்.

"என் ஆயுசுல பாதி இந்த லிஃப்ட்லயே போயிடும்" என்பாள் சித்தி.

"மெஷினைத் திட்டு, லிஃப்ட்டை ஒண்ணும் சொல்லாத. அது நான் பார்க்கிற லிஃப்ட்டு" என்பார் சித்தப்பா. அவர் லிஃப்ட் மெக்கானிக். விடிகாலையில் போய் மூன்றரைக்கெல்லாம் வீடு திரும்பிவிடுவார்.

அதனால் எங்கள் ஆப்புக்குப் பெயர் 'காலியா?'. துணி போட்டதும் 'போட்டாச்சு' என்று ஒரு தட்டு, எடுத்ததும் 'எடுத்தாச்சு' என்று ஒரு தட்டு. எந்த மெஷின் எப்போது காலியாகும் என்று வீட்டில் இருந்தபடியே பார்த்துக்கொள்ளலாம். காலியானதும் கட்டிடத்தில் உள்ளவர்களின் போனுக்கு ஒரு அறிவிப்பு போகும். இவ்வளவுதான். நானும் அவளும் ஐந்து மாதம் மண்டையை உடைத்துக்கொண்டது இவ்வளவுக்குத்தான்.

முதல் மதிப்பீட்டில் பதினோரு வீடுகள்தான் அதைத் திறந்து பார்த்திருந்தன. எங்கள் ப்ராஜெக்ட் மேடம் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க. ஆனா யாரும் தொடாத ஆப்புக்கு நான் எப்படி மார்க் போடறது? இன்னும் ஒரு வாய்ப்பு தர்றேன். காலேஜ் சர்வர்ல ஏத்துங்க. பதினாலு நாள் தொடர்ந்து, தினமும் முப்பது வீடாவது திறந்திருக்கணும். ஒரு நாள் இருபத்தொன்பதுன்னாலும் அடுத்த வருஷம் பார்க்கலாம்."

ஒரு கப்பல் கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. இந்த வருடமே தேறினால்தான் சேர முடியும் என்று அந்தக் கடிதத்தில் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். அதை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அடிக்கடி எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சர்வரில் ஏற்றுவது என் பொறுப்பு. பதினாலு நாள் கணக்கு திங்கட்கிழமை தொடங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கே சித்தி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் போய் உட்கார்ந்துவிட்டேன். ஏற்றுவதற்கு முன்னால் செய்ய வேண்டியவற்றை நாலுமணி ஒரு தாளில் பதினொன்றாக எழுதி, மேசையிலிருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருந்த குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்தாள். ஒவ்வொன்றாக முடித்து அதற்கு எதிரே நான் டிக் போட வேண்டும்.

நாலு மணிக்கு அவள் எழுந்தாள்.

"வாடி, அரை மணி நேரம் ஆடிட்டு வந்து மிச்சத்தைப் பார்க்கலாம்."

"நீ போ. எனக்கு வேலை இருக்கு."

"காலையிலேர்ந்து உக்காந்திருக்க. கண்ணெல்லாம் செவந்து போச்சு."

"கண்ணு என்னுது. போகப்போற வருஷமும் என்னுது. விளையாடிக்கிட்டே பாஸ் பண்ணிடலாம்னு உனக்கு நினைப்பு."

கொஞ்சம் அதிகமாகத்தான் பேசிவிட்டேன். அவள் பையை மாட்டிக்கொண்டாள். பைக்கு வெளியே இரண்டு மட்டைகளின் கைப்பிடிகள் நீட்டிக்கொண்டிருந்தன. எனக்கு அதைப் பார்த்ததும் எரிச்சல் வந்தது.

"ஆடப்போறது ஒருத்தி. பேட் எதுக்கு ரெண்டு?"

"இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

சித்தப்பா கூடத்திலிருந்து எட்டிப் பார்த்தார். "உன் தங்கச்சி ஆடுறா, நீ வாடுற" என்றார். நான் காதில் வாங்கவில்லை. ஏழு மணிக்குப் பதினொன்றுக்கும் டிக் போட்டு, ஆப்பை சர்வரில் ஏற்றிவிட்டு, கால் மரத்துப்போய் நொண்டி நொண்டி பஸ் ஏறினேன்.

அடுத்த நாள் காலையில் நாற்பத்திரண்டு வீட்டுக் கதவையும் தட்டினேன். லிஃப்டில் நோட்டீஸ் ஒட்டினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். போன தடவையும் இப்படித்தான் தலையாட்டினார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, எண்ணிக்கைப் பக்கத்தைத் திறந்தேன். முப்பத்து மூன்று.

இரண்டாம் நாள் முப்பத்து நாலு. ஐந்தாம் நாள் முப்பத்தாறு. எனக்கு வாயெல்லாம் பல். வகுப்பில் மற்றவர்களுக்கு அறிவுரை சொல்ல ஆரம்பித்தேன். நோட்டீஸை எந்த உயரத்தில் ஒட்ட வேண்டும், கதவைத் தட்டினால் முதலில் என்ன பேச வேண்டும் என்றெல்லாம் விளக்கினேன். அம்மாவிடம், "எல்லாம் நான் வீடு வீடா ஏறி இறங்குனதுக்குக் கிடைச்ச பலன்" என்றேன். நாலுமணி மட்டும், "நல்லா போகுது அக்கா" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தாள். அக்கா என்றபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

பதினோராம் நாள் அவள் கீழே போன பிறகு, அறிக்கையில் சேர்ப்பதற்காக ஒரு வரைபடம் போட்டேன். எந்த நேரத்தில் எத்தனை வீடுகள் திறக்கின்றன என்று காட்டும் படம். காலையில் இரண்டு, மத்தியானம் மூன்று, நாலு மணிக்கு மட்டும் கம்பம் நட்டது போல் முப்பது. தினமும் அதே நாலு மணி. என்னடா இது என்று மெஷின்களின் பட்டியலைத் திறந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று.

கட்டிடத்தில் மூன்றாவது மெஷினே கிடையாது.

அப்புறம்தான் நினைவு வந்தது. அறிவிப்பு ஒழுங்காகப் போகிறதா என்று பார்க்க, ஆரம்பத்தில் நாலுமணி இல்லாத மெஷின் ஒன்றை ஆப்பில் சேர்த்திருந்தாள். அது தினமும் நாலு மணிக்குக் காலியாகும்படி வைத்திருந்தாள். சோதனையும் ஆச்சு, ஆட்டத்துக்கு அலாரமும் ஆச்சு என்று சொன்னாள். அந்த மெஷின் அவளுடைய லேப்டாப்பில் இருந்த பிரதியில் மட்டும் இருந்தவரை அவளுக்கு மட்டும் அடித்தது. ஆப்பை சர்வரில் ஏற்றியபோது அதுவும் கூடவே ஏறிவிட்டது. தினமும் நாலு மணிக்கு நாற்பத்திரண்டு வீட்டுக்கும் 'மூன்றாம் மெஷின் காலி' என்று போய்க்கொண்டிருக்கிறது. நான் அந்தக் கட்டிடத்துக்காரி இல்லை, அதனால் என் போனுக்கு மட்டும் வரவில்லை.

லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. படியில் இறங்கி ஓடினேன்.

கீழ்த்தளத்தில் ஒரே கூட்டம். சுவரோரமாகத் துணி மூட்டைகள் வரிசையாக இருந்தன. இரண்டு மெஷினும் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தன. நடுவில் டேபிள் டென்னிஸ் மேசை. ஒரு பக்கம் மூன்றாம் மாடித் தையல்காரம்மா, கழுத்தில் அளவு நாடாவோடு. மறுபக்கம் ஆறாம் மாடி மீன்கடைக்காரர், சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துக்கொண்டு. சுவரில் ஒட்டிய தாளில் நாலுமணி மும்முரமாகப் புள்ளி எழுதிக்கொண்டிருந்தாள். தையல்காரம்மா பத்து, மீன்கடைக்காரர் நாலு.

"வாம்மா நோட்டீஸ் பொண்ணு. மூணாவது மெஷினுக்கு வந்தியா? பேரைக் குடுத்துட்டு வரிசையில நில்லு" என்றார் யாரோ ஒருவர்.

சித்தப்பாதான் விவரம் சொன்னார். முதல் நாள் நாலு மணிக்கு ஒன்பது பேர் மூட்டையோடு இறங்கி வந்திருக்கிறார்கள். மூன்றாவது மெஷினை மூலை முடுக்கெல்லாம் தேடியிருக்கிறார்கள். மீன்கடைக்காரருக்கு மூக்குக்கு மேல் கோபம். ஆப் எழுதினவளைக் கூப்பிடு என்று குதித்திருக்கிறார்.

"நான்தான் மேசையைக் காட்டினேன். 'இதோ, மூணாவது மெஷின் இதுதாங்க. துணியைத் துவைக்காது, ஆளைத் துவைச்சு எடுத்துடும், ஒரு கை பாக்குறீங்களா'ன்னேன். அவர் பேட்டைப் புடிச்சார். அன்னைக்குப் புடிச்சவர் இன்னும் கீழ வைக்கல."

மறுநாள் பதினாறு பேர். துணியை மெஷினில் போட்டு, ஆப்பில் தட்டிவிட்டு, அது துவைத்து முடிக்கும் வரை ஆட்டம். மெஷின் கிடைக்காதவர்கள் தங்கள் முறை எப்போது வரும் என்று ஆப்பைத் திறந்து பார்த்துக்கொண்டே ஆட்டத்தை வேடிக்கை பார்த்தார்கள்.

நான் நாலுமணியின் கையைப் பிடித்து மாடிப்படிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"உனக்கு முதல் நாளே தெரியும்ல?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் சொல்லல? இல்லாத மெஷினைக் காட்டி ஆளைக் கூப்பிட்டிருக்கோம். மேடம் பார்த்தா ஏமாத்து வேலைன்னுதான் சொல்லுவாங்க. என் வேலை போச்சு. எல்லாம் உன் விளையாட்டுப் புத்தியால வந்தது."

அவள் முகம் சிறுத்துப்போனது. "சரி, அழிச்சிடு" என்று மட்டும் சொன்னாள்.

மேலே வந்து அந்த நிமிடமே அழித்தேன். அழித்த பிறகும் ஆத்திரம் அடங்கவில்லை. யாருடைய கவனக்குறைவு என்று அறிக்கையில் எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது. அவள் எழுதி ஒட்டிய தாளைப் பிய்த்து எடுத்து, எதைத் தவறவிட்டாள் என்று வரிசையாகப் பார்த்தேன். ஏழாவது வரி, அவளுடைய குண்டு குண்டான கையெழுத்தில்: 'சோதனைக்கு வைத்த மூன்றாவது மெஷினை அழிக்க வேண்டும்.' அதற்கு எதிரே ஒரு டிக். அது என்னுடைய டிக்.

செய்யாமலே டிக் போட்டிருக்கிறேன். பதின்மூன்று மணி நேரம் எழுந்திருக்காமல் உட்கார்ந்தவள், ஆறாவது வரிக்கும் எட்டாவது வரிக்கும் நடுவில் எங்கேயோ தூங்கியிருக்கிறேன், கண்ணைத் திறந்துகொண்டே. எனக்கு அழுகை வந்தது. அவள் இந்தத் தாளைத் தினமும் தண்ணீர் எடுக்கும்போதெல்லாம் பார்த்திருக்கிறாள். ஒரு நாளும் சொல்லவில்லை, சற்றுமுன் நான் படிக்கட்டில் வைத்து அவ்வளவு பேசியபோதும் சொல்லவில்லை. நான் தாளை மடித்துப் பையில், வேலைக் கடிதத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். நேரில் ஒப்புக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை.

பன்னிரண்டாம் நாள். அறிவிப்பு போகாது. மூன்றரை மணிக்கு எண்ணிக்கை எட்டு. நாலு மணிக்கும் அதே எட்டு. நாலு ஐந்துக்கு ஒன்பது. மூன்று நாளைத் தாண்டினால் போதும் என்ற நேரத்தில் நானே என் தலையில் மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேனே என்று உட்கார்ந்திருந்தேன். நாலுமணியும் அன்றைக்குக் கீழே போகவில்லை. எனக்கு எதிரே உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். நாலு மணிக்கு அவள் நாற்காலியில் இருந்ததை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

நாலு பத்துக்குக் கதவு தட்டும் சத்தம் கேட்டது. தையல்காரம்மா, ஒரு கையில் மட்டை, ஒரு கையில் போன்.

"மூணாவது மெஷினைக் காணோமே கண்ணு. மேலயும் கீழயும் தள்ளித் தள்ளிப் பார்த்துட்டேன். ரிப்பேரா?"

அவருக்குப் பின்னால் மீன்கடைக்காரர். அவருக்குப் பின்னால் படியில் இன்னும் நாலைந்து தலைகள். "நேத்து பதினொண்ணுக்கு நாலுல தோத்தேன். இன்னைக்குத் தீர்த்துக்கலாம்னு வந்தா ஆப்புல மெஷினே இல்ல. என்னம்மா நியாயம்?" என்றார்.

நாலுமணி எண்ணிக்கைப் பக்கத்தைப் புதுப்பித்தாள். இருபத்தாறு. மறுபடியும் புதுப்பித்தாள். முப்பத்தேழு. எல்லோரும் காணாமல்போன மெஷினைத் தேடி ஆப்பைத் திறந்துகொண்டிருந்தார்கள். ஐந்து மணிக்கு நாற்பத்தொன்று. மிச்சம் இருந்த ஒரு வீட்டுக்காரர்கள் ஊரில் இல்லை.

வந்தவர்களிடம் நடந்ததைச் சொன்னோம். மேசையைத் தனியாகச் சேர்க்கச் சொல்லி அவர்களே கேட்டார்கள். அன்றைக்கே 'மேசை' என்ற உண்மையான பெயரிலேயே சேர்த்தோம். பதின்மூன்று, பதினாலு இரண்டு நாளும் முப்பதைத் தாண்டியே போயின.

மதிப்பீட்டுக்குப் போனபோது மேடம் எங்கள் வரைபடத்தைச் சிவப்புப் பென்சிலால் தட்டினார்.

"அது என்ன நாலு மணி?"

நான் வாயைத் திறப்பதற்குள் நாலுமணி முந்திக்கொண்டாள். "சோதனைக்கு வெச்ச ஒரு மெஷினை எடுக்க மறந்துட்டோம் மேடம். நான்தான் வெச்சேன். என் தப்புதான்."

மேடம் நம்பிவிட்டார். அவள் பெயரே நாலுமணி, யார்தான் நம்ப மாட்டார்கள்? நான் சும்மா இருந்திருந்தால் போதும். என்னுடைய நல்ல பெயர் அப்படியே இருந்திருக்கும்.

"இல்ல மேடம்" என்று பையிலிருந்து தாளை எடுத்து வைத்தேன். "வெச்சது அவ. எடுக்கணும்னு எழுதி வெச்சதும் அவ. எடுக்காமலே டிக் போட்டது நான். தெரிஞ்ச பிறகு அவளைத் திட்டுனதும் நான்."

மேடம் ஏழாவது வரியைப் பார்த்தார். "எத்தனை மணிக்கு ஏத்துன?"

"சாயங்காலம் ஏழுக்கு."

"எத்தனை மணிக்கு உக்காந்த?"

"காலையில ஆறுக்கு."

"நடுவுல?"

"எழுந்திருக்கல மேடம்."

அவர் தாளை ஓரமாக வைத்தார். பிறகு, "பதினோரு நாள் பொய்யான அறிவிப்புக்கு வந்திருக்காங்க. அதை மட்டும் வெச்சு நான் மார்க் போட மாட்டேன். பன்னிரண்டாம் நாள் என்ன அனுப்பினீங்க?" என்றார்.

"ஒண்ணுமே அனுப்பல மேடம். அன்னைக்கு நாற்பத்தொரு வீடு."

சிவப்புப் பென்சில் அந்த எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் போட்டது. "அழிச்சதாலதான் தப்பிச்சீங்க. பாஸ். ஆனா அறிக்கையில தப்பையும் எழுதணும், அதைப் பண்ணவ எத்தனை மணி நேரம் எழுந்திருக்காம இருந்தான்னும் எழுதணும். அடுத்த வருஷம் வர்றவங்க படிக்கட்டும்."

பஸ்ஸில் ஜன்னலோர இடத்தை எனக்குக் கொடுத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"தாளைப் பத்தி ஏன்டி முன்னாடியே சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னா உன்னையே திட்டிக்கிட்டு இன்னும் பத்து மணி நேரம் கூட உக்காந்திருப்ப."

அவள் போன் அடித்தது. மணி நாலு. 'மேசை காலி.' பையைத் திறந்து போனை எடுத்தாள். அந்த இரண்டு மட்டைகளும் தெரிந்தன. ஒன்று கைப்பிடி கறுத்து, ரப்பர் தேய்ந்து கிடந்தது. இன்னொன்று ஒரு தடவைகூடப் பந்தைத் தொடாமல் புத்தம் புதிதாக இருந்தது.

"அது யாருக்கு?" என்றேன்.

"முதல் வருஷத்துலேர்ந்து உனக்குத்தான் தூக்கிட்டு அலையறேன். நீதான் ஒரு நாளும் எழுந்து வரல."

அவள் அதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. அக்கா என்றும் சொல்லவில்லை. நான் மட்டையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். அவர்கள் நிறுத்தம் வரும்வரை இறக்கி வைக்கவில்லை.

அன்றைக்குக் கீழ்த்தளத்தில் எல்லோருக்கும் முன்னால் பதினொன்றுக்கு இரண்டில் தோற்றேன். அந்த இரண்டும் அவள் விட்டுக்கொடுத்தது என்கிறார் சித்தப்பா. நான் ஒத்துக்கொள்ளவில்லை.